பேய் வந்தது, பயம் வரவில்லை!

பேய்ப் படத்துக்குப் போனால் பயம் வரவேண்டும். கொட்டாவி வந்தால் என்ன செய்வது?

ராஜபாளையத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம், "அரண்மனை நாலாம் பாகம் பாத்தீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பாத்தேன். பிள்ளைக சிரிச்சுச்சு. நான் தூங்கிட்டேன்."

படம் 2024 மே 3–ந் தேதி வந்தது. நல்ல வசூல். அந்த வருஷம் முதல் நாலு மாதம் தியேட்டர்கள் காற்றாடின. 2004–ல் வந்த "கில்லி"யைத் தூசி தட்டி மறுபடி ஓட்டித்தான் கூட்டத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில், அதுவும் கோடை லீவில், குடும்பத்தோடு பார்க்க ஒரு படம். ஜனங்கள் போனார்கள். ஆகவே படம் தோற்றது என்று நான் சொல்லவில்லை. படம் ஜெயித்தது. பேய்தான் தோற்றது!

ஏன் தோற்றது?

சுந்தர்.சி. 2014–ல் முதல் "அரண்மனை"யை எடுத்தபோது, பேயாக வந்த செல்விக்கு ஒரு வழக்கு இருந்தது. அநியாயமாகக் கொல்லப்பட்ட கிராமத்துப் பெண். கொன்றவனைத் தேடி வந்தாள். 2016–ல் இரண்டாம் பாகம். அதில் சொந்த வீட்டாரே கொன்ற பெண்ணின் ஆவி. காதலித்தாள் என்பதுதான் குற்றம். நம் பக்கத்துப் பேப்பரில் அடிக்கடி படிக்கிற சங்கதி ஆயிற்றே! தியேட்டரில் உட்கார்ந்தவனுக்கு முதுகு சில்லிட்டது என்றால், அது பேயைப் பார்த்து அல்ல. 2021–ல் வந்த மூன்றாம் பாகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மறைந்த விவேக்கைத் திரையில் பார்த்தது ஒன்றுதான் மிச்சம்.

நாலாம் பாகத்தில் "பாக்" என்று ஒரு பேய். அசாம் மாநிலத்து நாட்டுப்புறக் கதைகளில் வருவது. குளம் குட்டைகளில் இருக்கும். மீன் என்றால் அதற்கு உயிர். ஆளைக் கொன்றுவிட்டு, செத்தவன் உருவத்திலேயே வரும். அதனிடம் ஒரு பை உண்டாம். அந்தப் பையை எவன் கைப்பற்றுகிறானோ அவனுக்கு அது அடிமை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

எவ்வளவு அருமையான பேய்! அந்த ஊர்ப் பாட்டி சொன்னால் குழந்தை போர்வைக்குள் ஒளியும். இங்கே கொண்டுவந்து கம்ப்யூட்டரில் உருவம் கொடுத்து, உறுமவிட்டு, சுவரில் ஏறவிட்டால்? ராஜபாளையம் நாய் ஒரு தடவை குரைத்தால் வரும் பயம்கூட வரவில்லை.

பழி வாங்க வந்த பேய் அல்ல அது. நம்மிடம் அதற்கு ஒரு கணக்கும் இல்லை. நமக்கும் அதோடு ஒட்டவில்லை.

கிணற்றடி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரம். அங்கே நல்லதங்காளுக்குக் கோவில் இருக்கிறது. அவள் விழுந்ததாகச் சொல்லும் கிணறும் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போடவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். அண்ணன் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தக் கதையில் உறுமல் இல்லை, கோரைப்பல் இல்லை. ஆனால் ராத்திரி அந்தக் கிணற்றடியில் தனியாக நிற்கச் சொன்னால் எத்தனை பேர் நிற்பார்கள்? நான் நிற்கமாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், "அரண்மனை 4"–ம் கிட்டத்தட்ட அதே சரக்குதான். அண்ணனை விட்டுப் பிரிந்துபோன தங்கை. தங்கை செத்த பிறகு வந்து நிற்கிற அண்ணன். பிள்ளையைக் காப்பாற்ற ஆவியாக அலையும் தாய். தமன்னா நன்றாகவே நடித்திருக்கிறார். பத்து நிமிஷம் அந்தத் தாயோடு நம்மை இருக்க விட்டிருந்தால் போதும். தியேட்டரில் பாதிப்பேர் கைக்குட்டையைத் தேடியிருப்பார்கள். விடுகிறார்களா? உடனே காமெடிக் கோஷ்டி அலறிக்கொண்டு ஓடி வருகிறது. கடைசியில் வழக்கம்போல சாமி பாட்டு. குஷ்புவும் சிம்ரனும் ஆடுகிறார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. பேய் எங்கே போச்சு?

பேயே இல்லாத படம்

2005–ல் "சந்திரமுகி" வந்தது. அதில் பேயே கிடையாது. ஜோதிகாவுக்கு மனநோய் என்று டாக்டர் ரஜினி சொல்லிவிடுகிறார். சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளைத் தாண்டி ஓடியது. 2023–ல் அதற்கும் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அதில் நிஜப் பேயையே இறக்கினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை!

இதையெல்லாம் டீக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த மில்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அஞ்சாம் பாகம் எடுத்தா போவீகளா?" என்றேன்.

"போகாம?" என்றார் அண்ணாச்சி. "லீவு விட்டா பிள்ளைக சும்மா இருக்குமா? மதினியும் கிளம்பிருவா."

மில்காரர் காசை வைத்துவிட்டு எழுந்தார். "எனக்கும் ஒரு டிக்கெட் சேத்து எடுங்கண்ணே. ஏசியில ரெண்டரை மணி நேரம் தூங்கலாம்ல!"