கிட்டப் போய் எடுப்போம்

எங்கள் பள்ளிக் காமிராவுக்கு இன்னொரு லென்ஸ் வாங்குவது பற்றி இவ்வாண்டுப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் பெரிய சூம் லென்ஸே வேண்டும் என்று பலரும் கூறினர். "பெண் பிள்ளைகள் கூட்டத்துக்குள் நுழைய வேண்டியதில்லை, ஓரமாக நின்றே எடுத்துவிடலாம்" என்று ஒரு தந்தையார் காரணமும் சொன்னார். எங்கள் நலத்தை எண்ணியே அவர் அவ்வாறு சொன்னார் என்பதை அறிவோம். ஆயினும் பத்தாம் வகுப்பில் காமிரா பிடிக்கும் நாங்கள் ஐவரும் அதற்கு மாறான கருத்துடையோம். அதை இம்மலரில் எழுத இடந்தந்த சிஸ்டருக்கு எங்கள் நன்றி.

எங்களுள் ஒருத்தியின் பெரியப்பா முன்பு ஸ்டுடியோ வைத்திருந்தவர். சென்ற ஆண்டு அவர் தம்மிடமிருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு பொருள். முன்புறம் எஃப் 1.8 என்று எழுதியிருக்கும். அதன் வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தோம். காட்சி தெளிந்தது, மங்கியது. பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. "பெரியப்பா, இது சூம் ஆகாதா?" என்று கேட்டோம். "நீ ரெண்டு அடி முன்னால போம்மா, ஆகும்" என்றார்.

அந்த 1.8 என்ன என்பதை இயற்பியல் பாடம் படித்த எவரும் கணக்கிட்டுவிடலாம். 50ஐ 1.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28. அதாவது ஒளி நுழையும் வாசலின் குறுக்களவு 28 மில்லிமீட்டர். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அளவு. காமிராவுடன் வந்த சூம் லென்ஸை அதே 50க்குத் திருப்பினால் எஃப் 5.6தான் கிடைக்கும். அதன் வாசல் 9 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. பரப்பைக் கணக்கிட்டால், நாணய வாசல் வழியே ஏறத்தாழ 10 மடங்கு ஒளி வருகிறது! பழைய லென்ஸுக்கு ஆறில் ஒரு விநாடி தேவைப்படும் இருட்டில் இதற்கு அறுபதில் ஒரு விநாடி போதும். ஆறில் ஒரு விநாடி கை நடுங்காமல் நிற்க எங்களால் ஆகாது.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் இதைக் கண்டோம். கோவிலில் விளக்குகளை அணைத்து, பாஸ்கா திரியிலிருந்து மெழுகுவத்திக்கு மெழுகுவத்தி ஒளி பரவும் நேரம் அது. முந்திய ஆண்டுகளில் பிளாஷ் போட்டு எடுத்தோம். செபித்துக்கொண்டிருந்தவர்கள் கண் கூசித் திரும்பினார்கள். படத்திலோ வெள்ளை வெளேரென்று முகங்கள் இருந்தன, மெழுகுவத்தி ஒளியைக் காணோம். இம்முறை பிளாஷ் இல்லை. சுடரின் மஞ்சள் ஒளி அப்படியே படத்தில் விழுந்தது. ஆனால் ஒரு பிழை நேர்ந்தது. சிஸ்டர் ஒருவர் கையிலிருந்த மெழுகுவத்தி தெளிவாகவும், அவர் முகம் பஞ்சுபோல் மங்கியும் வந்துவிட்டது. வாசலை முழுதாகத் திறந்து இரண்டு மீட்டரில் நின்று எடுத்தால், எங்கள் காமிராவில் அரைச் சாண் ஆழம்தான் தெளிவாக இருக்கும். கண்ணைப் பார்த்துக் குறி வைக்க வேண்டும் என்பதை அந்தச் சிஸ்டரின் செலவில் கற்றுக்கொண்டோம். (மெழுகுவத்தி ஒளியில் சினிமாவே எடுத்திருக்கிறார்கள். 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்தியதும் 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான். நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7! எங்களுக்கு 1.8 போதும்.)

எங்களுள் இருவர் ஐயங்கார்குளத்துக்காரர். சஞ்சீவிராயர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் பலரும் அறிவர். அருகே நிலத்துக்கடியில் இருக்கும் நடவாவிக் கிணற்றைப் பார்த்தவர் குறைவு. சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கு எழுந்தருள்வதால், முன்னதாகவே தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அப்போதுதான் படியிறங்கிப் போய்க் கிணற்றைச் சுற்றியுள்ள தூண் மண்டபத்தைப் பார்க்க முடியும். திருவிழா முடிந்த பின் ஒரு காலையில் நாங்கள் போனோம். ஈரக்கல்லின் வாடை, கிணற்று வாய் வழியாக மேலிருந்து விழும் வெளிச்சம் ஒன்றே விளக்கு. அது தூண்களின் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு நின்றது. ஒரு பாட்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

தூரத்திலிருந்து எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இராது. எங்கள் லென்ஸுக்கோ அருகில் போக வேண்டும். போனோம். "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டோம். "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்றார். தகப்பனார் பெயர், தெரு, சாதகம் எல்லாம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரமாயிற்று. அதன் பிறகே படம். திருடாமல், கேட்டு வாங்கிய படம் அது. அன்று ஐவரும் சேர்ந்து எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் இல்லை.

"போனிலும் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறதே, தனி லென்ஸ் எதற்கு?" என்று எங்கள் அண்ணன்மார் கேட்கின்றனர். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் போன் லென்ஸின் வாசல் 3, 4 மில்லிமீட்டர்தான். பல படங்களை எடுத்து ஒன்றாக்கிக் கணக்குப் போட்டே அது இருட்டைச் சமாளிக்கிறது. நிலைத்து நிற்கும் தூணுக்கு அது சரி; நடுங்கும் சுடருக்கும் அசையும் முகத்துக்கும் சரிவராது என்பது நாங்கள் கண்டது.

நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) சேலை உடுத்தி, ரோலிஃபிளெக்ஸ் காமிராவைச் சுமந்து, ஆண்கள் நிறைந்த கூட்டங்களில் நின்று படமெடுத்தார். 1947இல் செங்கோட்டையில் நடந்த முதல் கொடியேற்றத்தையும் எடுத்தார். 2011இல் பத்ம விபூஷண் பெற்றார். அந்தக் காமிராவில் சூம் கிடையாது. அவரை ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தால் அந்தப் படங்கள் ஏது?

விளையாட்டு விழாவில் மைதானத்தின் மறுகோடியில் ஓடுபவளை 50 மில்லிமீட்டரால் பிடிக்க முடியாது, மறுக்கவில்லை. அதற்கு ஓடுபாதைக் கயிற்றருகே நிற்க எங்களுக்கு அனுமதி தந்தால் போதும், செலவும் இல்லை. நடவாவியில் வேறொரு குறை கண்டோம். எங்கள் காமிராவின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியதாதலால் 50 அதில் நெருக்கிக் காட்டுகிறது. முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போயும் மண்டபம் அடங்கவில்லை. ஆகவே வாங்குவதானால் 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 வாங்கித் தாருங்கள். பெரிய சூம் லென்ஸைவிட அது விலையும் குறைவு. இந்தக் காமிராவில் கண் பார்க்கும் அளவிலேயே காட்டும்.

பாட்டியின் படத்தைப் பிரிண்டு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் வா. அன்னிக்கு நல்ல சேலை கட்டிக்கிறேன்" என்றார்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் ஐவர் சார்பில்