ராப்பு நம்ம பண்பாடு இல்லியாமே!

போன மாசம் உச்சிப்புளியில ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தி முடிஞ்ச நேரம் பசங்க ஸ்பீக்கர்ல 'என்ஜாய் எஞ்சாமி'யப் போட்டாங்க. மாமா ஒருத்தர் வெத்தலையத் துப்பிட்டு ஆரம்பிச்சார்: "ஏன் மாப்ளே, இது என்ன கத்தலு? வெள்ளைக்காரன் சரக்கு. நம்ம பண்பாடா இது?"

மாமாவை விடுங்க, அவருக்கு எம்.எஸ்.வி.யோட பாட்டு நின்னுபோச்சு. ஆனா நம்ம வலையுலக மக்களும் இதே பல்லவியப் பதிவு பதிவா பாடுறீங்களே, அதான் கடுப்பு.

மொதல்ல, இது வெள்ளைக்காரன் சரக்கே இல்ல. 1973ல நியூயார்க் பிராங்க்ஸ்ல, ஜமைக்காவுலேர்ந்து வந்த டீஜே கூல் ஹெர்க் போட்ட பார்ட்டியிலேர்ந்து கிளம்பினது. பொழைக்கப் போன எடத்துல, கைக்காசு இல்லாத கறுப்பினப் பசங்க கட்டுன பாட்டு.

ரெண்டாவது, அந்தப் பாட்ட வேற எந்த ஊர்க்காரன் திட்டினாலும் நம்ம ஊர்க்காரன் திட்டக்கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளோட கதையிலேர்ந்துதான் அறிவு அதை 2021ல எழுதினார். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போன வழி எது? பிரிட்டிஷ் காலத்துல மண்டபம் கேம்ப்ல அடைச்சு வச்சு, நோய் இருக்கான்னு பாத்துட்டு, தனுஷ்கோடியில கப்பல் ஏத்தினாங்க. 1964ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு. 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு கையெழுத்து. அதே வருஷம் டிசம்பர்ல தனுஷ்கோடி புயல்ல போயிடுச்சு. அதனால தலைமன்னார்லேர்ந்து ராமேஸ்வரத்துல வந்து எறங்கினாங்க, திரும்பவும் மண்டபம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் எவ்ளோ தூரம் மாமா? பஸ்ஸுல போனா ஒரு தூக்கம் கூட முழுசா வராது.

சரி, மாமாவுக்கு எதிரா இவ்ளோ பேசிட்டு, தம்பிங்கள விட்டுட முடியுமா?

2006ல மலேசியாவுலேர்ந்து யோகி பி அண்ட் நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பம் விட்டாங்க. எங்க செட்டுப் பசங்களுக்குத் தமிழ்ல ராப் பண்ணலாம்னு தெரிஞ்சதே அப்பதான். 2012ல ஹிப்ஹாப் தமிழா ஆல்பம். ஆதி நம்மள மாதிரி இன்ஜினியரிங் கேஸ். அப்புறம் சினிமா அவரை அள்ளிட்டுப் போயிடுச்சு, தப்பு சொல்லல. 2018 ஜனவரியில காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறினப்ப கானாவும் பறையும் ராப்பும் ஒண்ணா நின்னுச்சு. 2019ல அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்'. இப்ப அசல் கோலார், பால் டப்பான்னு புது ஆளுங்க. தாளத்துல வார்த்தைய உக்கார வைக்கிறதுல இவங்க முன்னாடி ஆளுங்கள விட கில்லாடிங்க. ஒத்துக்கறேன்.

பிரச்சினை எங்க ஊர்ல. தங்கச்சிமடத்துல ஒரு தம்பி, மீனவர் வீட்டுப் பையன், போன்லயே ராப் பாடி ரெக்கார்ட் பண்றான். கேட்டா, அச்சு அசல் வியாசர்பாடி பாஷை! "ஏன்டா, நம்ம ஊர்ப் பேச்சு எங்கடா?"ன்னேன். "அண்ணே, அது ராப்புக்கு செட் ஆவாதுண்ணே"ன்னான். அன்னைக்குத் தூக்கம் வரல.

செட் ஆவாதா? கானா நாட்டுல (சென்னை கானா இல்ல சாமி, ஆப்பிரிக்காவுல இருக்கிற நாடு) ரெஜி ராக்ஸ்டோன்னு ஒருத்தர். 1990கள்ல ட்வி மொழியில ராப் பண்ணி, அவங்க ஊரு ஹைலைஃப் இசையோட கலந்து ஹிப்லைஃப்னு ஒரு வகையையே நிறுத்தினார். தான்சானியாவுல சுவாஹிலியில போங்கோ ஃப்ளேவா. அவங்க யாரும் பிராங்க்ஸ் பையன் மாதிரி பேசித்தான் ஆகணும்னு அடம் புடிக்கல.

நம்மகிட்ட என்ன இல்ல? கரைவலை இழுக்கும்போது பாடுற அம்பா இருக்கு. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க எதிர்க்குரல் கொடுப்பாங்க, இழுப்புதான் தாளம். ராப்பர் மேடையில கூட்டத்தக் கத்தச் சொல்றது வேற என்னங்க? எரிஞ்ச கட்சி எரியாத கட்சின்னு லாவணியில மோதிக்கிட்டதுக்கும் ராப் பேட்டிலுக்கும் என்ன வித்தியாசம்? விசைப்படகு வந்தப்புறம் கடல்ல அம்பாவுக்கு வேலை போச்சு. அதத் தெரிஞ்சவங்கள்லாம் இப்ப திண்ணையில உக்காந்திருக்காங்க.

அந்தத் தம்பியோட தாத்தாவும் அதுல ஒருத்தர். அடுத்த வாட்டி ஊருக்குப் போறப்ப, அவர் முன்னாடி அந்தப் போனை வைக்கச் சொல்லிருக்கேன். "பாப்போம்ணே"ன்னான், இழுத்தான்.

சரி, திங்கக்கிழமை ரிலீஸ், ஆணி நெறைய கெடக்கு. மாமா கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வாங்க, மோதிக்கலாம்.