படுக்கையருகே அளக்க வேண்டிய தரம்

தன் உடலைத் தானே பேண இயலாத ஒருவரைப் பிறர் கையில் ஒப்படைக்கும் குடும்பம், பணியைக் கைமாற்றுகிறதேயன்றிக் கடமையைக் கைமாற்றுவதில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மேல் வைத்து, கைவிடப்பட்டோர் முறையிடுவதற்கென ஒரு சபையையும் அமைத்தது. ஆயினும், தவறாமல் பணம் அனுப்பும் பிள்ளையின் தாய் அப்பணத்தால் எத்தகைய பராமரிப்பைப் பெறுகிறார் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்போர் இன்று அரிது.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கெலிஓயாவில் இக்கேள்வி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. பிள்ளைகள் கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ உழைக்க, பெற்றோர் ஊரில் தங்கும் இத்தகைய இடங்களில், நாலைந்து பணியாளரோடு இயங்கும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகளுக்கு உரிய தேவை உண்டு. அவற்றைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. அவை நிலைத்து நிற்கவேண்டும் என்பதனாலேயே அவற்றின் தரத்தை அளக்கும் முறையை வற்புறுத்துகிறோம்.

மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவேடிஸ் டொனபீடியன் 1966இல் அமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்று நிலைகளை வகுத்தார். பெரிய வைத்தியசாலைக்கு நூற்றுக்கணக்கானோரின் விளைவுகள் கணக்காகக் கிடைக்கும். ஆறு முதியோரை மட்டுமே கவனிக்கும் சேவையிலோ, ஒருவர் வழுக்கி விழுந்தால் அது விழுக்காட்டில் பெருந்தவறாகவும், ஓராண்டு எவரும் விழாதிருந்தால் அது பெருஞ்சிறப்பாகவும் தோன்றும். இரண்டும் உண்மையைக் காட்டா. எனவே சிறு சேவையில் ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே விசாரித்தாக வேண்டும்: விழுந்தபோது அறையில் வெளிச்சம் இருந்ததா, அழைத்த குரலுக்கு எவர் வந்தார், எவ்வளவு நேரத்தில் வந்தார், வழக்கமான பணியாளர் விடுப்பில் சென்ற அன்று மாற்றாள் யார்?

நாள்தோறும் தரம் வெளிப்படும் இடம் உடலே. படுத்தபடுக்கையானவரை இரண்டு மணிக்கொரு முறையேனும் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்பது தாதியர் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் நெறி. குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் தோன்றும் சிவப்பு, விரலால் அழுத்தியும் மறையாவிடின், படுக்கைப்புண் தொடங்கிவிட்டதென்று பொருள். கருநிற மேனியில் அச்சிவப்பு எளிதில் புலப்படாதாகையால், தொட்டு வெம்மையையும் இறுக்கத்தையும் உணரவேண்டும். படுக்கையருகே உள்ள கொப்பி அடுத்த சான்று. எல்லா நாளும் ஒரே மையில், ஒரே அமர்வில் எழுதியதுபோல் ‘நலம்’ என்றிருக்கும் பக்கங்களைவிட, ‘காலைக் கஞ்சியில் பாதியே குடித்தார், இருமினார், மாத்திரை பிந்திக் கொடுக்கப்பட்டது’ என்று தன் பிந்துதலையே எழுதிவைக்கும் பக்கம் நூறு மடங்கு நம்பத்தக்கது.

மொழியையும் சேர்த்தே அளக்கவேண்டும். தமிழ் மட்டுமே பேசும் மூதாட்டியிடம் சிங்களம் மட்டுமே அறிந்த பணியாளர் எவ்வளவு அன்பாக நடந்தாலும், நள்ளிரவில் எழும் நெஞ்சுவலிக்கும் வயிற்று வலிக்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று.

இன்னொன்றும் உண்டு. தொலைபேசியில், பணியாளர் அருகில் நிற்க, “நல்லாத்தான் பார்க்கினம், மகன்” என்று தாய் சொல்வது சான்றாகாது; அடுத்த வேளை உணவுக்கும் கழிப்பறைக்குச் செல்லும் துணைக்கும் தாம் சார்ந்திருப்பவரைப் பற்றி எவரும் துணிந்து குறைகூறார். இங்கிலாந்தில் பராமரிப்புச் சேவைகளை மதிப்பிடும் ஆணையம், பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கேற்ற செயற்பாடு, நிருவாகம் என்ற ஐந்தையும் கேட்பதோடு, பராமரிக்கப்படுவோரிடமும் நேரில் பேசுகிறது. கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, பயிற்சிபெற்ற அயலவரை வீடுதேடி அனுப்பி வளர்ந்தது. பெரும் பொருட்செலவின்றி நாமும் ஏற்கத்தக்க முன்மாதிரி அது.

ஆதலால், பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் தத்தம் பிரிவிலுள்ள வீட்டுப் பராமரிப்புச் சேவைகளின் பட்டியலைப் பேணி, முன்னறிவிப்பின்றிச் சென்று, முதியவரோடு தனித்து, அவர் மொழியிலேயே உரையாடவேண்டும். பணியாளரின் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழோடு அவரது ஓய்வுநேரத்தையும் கேட்டறிய வேண்டும். தொடர்ந்து இரவும் பகலும் விழித்திருப்பவரிடம் கவனத்தை எதிர்பார்த்தல் இருவருக்கும் இழைக்கும் அநீதி. பணம் அனுப்பும் பிள்ளைகளும், மாதக் கணக்கோடு அந்தக் கொப்பியின் பக்கங்களையும் அனுப்பும்படி இன்றே கேட்கலாம்.