பசி ருசி அறியும்

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க சார், தானா சாப்பிடும்."

கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பட்டாம்பூச்சி மீனை ஆக்சிஜன் அடைத்த பையில் கட்டித் தரும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கிப் போனவர் அடுத்து வாங்குபவருக்குச் சொல்கிறார். பசி ருசி அறியாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம் என்பதால் பேச்சு நியாயமாகவும் படுகிறது. மீன் அடம்பிடிக்கிறது, வயிறு காய்ந்தால் வழிக்கு வந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை தவறு. பட்டாம்பூச்சி மீன்களில் பலவற்றுக்குப் பசி எதையும் கற்றுக்கொடுப்பதில்லை; கொன்றுதான் போடுகிறது. சாகிற மீன் ஏறக்குறைய எப்போதுமே கடலிலிருந்து பிடித்துவரப்பட்டது. பண்ணையில் பொரித்ததில்லை. ஆகவே இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் சின்னக் கருத்து வேறுபாடாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

உலகில் ஏறத்தாழ 130 வகைப் பட்டாம்பூச்சி மீன்கள் இருக்கின்றன. கடைத் தொட்டியில் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பு: தட்டு போன்ற உடல், முன்னே நீண்ட சின்ன வாய், மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள், கண்ணை மறைத்து ஓடும் ஒரு பட்டை. தோற்றம் ஒன்றாக இருப்பதால் தீனியும் ஒன்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஓர் அளவில் உயிருள்ள பவளத்தைத் தின்பவை. அவற்றுள் ஒரு கூட்டம் பவளத்தைத் தவிர வேறு எதையும் ஏறக்குறைய தொடுவதேயில்லை. மற்றொரு கூட்டம் புழு, சிறு இறால், பாசி, பவளம் என்று கலந்து தின்னும். நீரில் மிதந்துவரும் மிதவை உயிரிகளைத் தின்று வாழ்பவையும் சில உண்டு. முதல் கூட்டத்து மீனிடம் மூன்றாம் கூட்டத்தின் பழக்கத்தை எதிர்பார்ப்பதில்தான் எல்லா விபரீதமும் தொடங்குகிறது.

செவ்ரான் என்ற பெயரில் விற்கப்படும் கீட்டோடான் டிரைஃபேசியாலிஸை எடுத்துக்கொள்வோம். வெள்ளை உடலில் அம்புமுனை போன்ற கோடுகள். மேசை போலப் படர்ந்து வளரும் அக்ரோபோராப் பவளம்தான் அதற்கு வீடு, அதுவேதான் சாப்பாடு. அந்த மேசையைச் சுற்றித் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, பவளம் தின்னும் வேறு மீன் நுழைந்தால் விரட்டும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதன் வேலை ஒன்றுதான்: ஒரு கடி, ஓர் அடி நகர்தல், மறுபடி ஒரு கடி. ஒவ்வொரு கடியிலும் கிடைப்பது கடுகளவு சதையும் கொஞ்சம் வழுவழுப்பும்தான். இப்படி நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க அமைந்த உடல் அது. ஒரு வேளை வயிறு முட்டத் தின்றுவிட்டு இரண்டு நாள் கிடக்கும் உடல் இல்லை. இந்த மீனைத்தான் இரண்டு நாள் பட்டினி போடச் சொல்கிறார்கள்.

பட்டினி கிடந்தால் இப்படிப்பட்ட மீன் என்ன செய்யும் என்பதற்குக் கடலே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ட்ரங்க் ரீஃப் என்ற இடத்தில், கடல் சூடேறிப் பவளம் வெளிறி, பெரும்பகுதி மடிந்தது. அங்கே வாழ்ந்த கீட்டோடான் லுனுலாட்டஸ் என்ற பவளந்தின்னியை மார்கன் பிராட்செட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். மீன்கள் உடனே செத்துவிடவில்லை. முன்பு ஒதுக்கிவைத்த பவள வகைகளையும் கடிக்கத் தொடங்கின. ஆனாலும் அவற்றின் உடல்நிலை தெளிவாக நலிந்துபோயிருந்தது. சுற்றிலும் புழுவும் பாசியும் சிறு இறாலும் நிறைந்த திறந்த கடலில், பசித்த மீன் தேடிப்போனது இன்னொரு பவளத்தை. அங்கேயே வேறு தீனிக்கு மாறாத மீன், நாலடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாவு உருண்டைக்கு மாறிவிடும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்?

தருமபுரிப் பக்கம் பட்டு வளர்ப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மல்பெரித் தழை தீர்ந்துபோனால், பட்டுப்புழுவை இரண்டு நாள் காயப்போட்டு முருங்கைக் கீரைக்குப் பழக்கலாம் என்று அவர் சொல்வாரா? புழுவிடம் பார்த்தவுடன் புரிகிற உண்மை மீனிடம் மட்டும் நமக்குப் புரியாமல் போவதற்குக் காரணம், மீன் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் சாகிறது என்பதுதான்.

அந்த "ரெண்டு நாள்" எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பயணத்தில் மீன் கழித்தால் பைத் தண்ணீரில் அம்மோனியா ஏறிவிடும். அதனால் அனுப்புவதற்கு முன்பே தீனியை நிறுத்திவிடுவது இந்த வியாபாரத்தின் வழக்கம். பிடித்தவரின் கூண்டு, ஏற்றுமதியாளரின் தொட்டி, விமானம், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் இது நடக்கிறது. பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் சயனைடு கரைசலை அடித்து மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் பல்லாண்டுகளாக உண்டு. அப்படிப் பிடிபட்ட மீனுக்கு உள்ளுறுப்புகளே கெட்டுப்போயிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அந்த மீன் ஏற்கெனவே பல நாள் பட்டினி. நீங்கள் அதன் பட்டினியைத் தொடங்கவில்லை, நீட்டிக்கிறீர்கள்.

அடையாளம் கண்ணுக்குத் தெரியும். வயிறு உள்வாங்கும். பிறகு நெற்றிக்குப் பின்னால், முதுகின் இரு பக்கமும் சதை குழிந்து, மேலிருந்து பார்த்தால் உடல் கத்தி போல மெலிந்திருக்கும். முதுகுச் சதையே கரைந்த நிலைக்குப் போன மீன் மீள்வது மிக அரிது. அப்போதும் அது நீந்திக்கொண்டுதான் இருக்கும், நிறமும் பளிச்சென்றே இருக்கும். பார்ப்பவர் நலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஒரு காலையில் செத்துக் கிடக்கும்போது தண்ணீரில் ஏதோ கோளாறு என்பார்கள். தண்ணீரில் ஒரு கோளாறும் இருந்திருக்காது.

சரி, பவளம்தான் வேண்டுமென்றால் பவளத்தையே வாங்கிப் போடலாமே என்று ஒருவர் கேட்கலாம். இந்தியாவில் இதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. பவளப்பாறையைக் கட்டும் கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுத்தால் 3 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. நம் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிய கடலை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததே இந்தப் பவளத்துக்காகவும்தான். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் அங்கே பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளிறியது. எட்டுப் பட்டைகள் கொண்ட கீட்டோடான் ஆக்டோஃபேசியேட்டஸ் என்ற பவளந்தின்னி வாழ்வதும் இதே கடலில்தான். மிஞ்சியிருக்கும் பவளத்தை நம்பித்தான் அது உயிர்வாழ்கிறது.

ஆக, இந்திய வீட்டுத் தொட்டியில் பவளந்தின்னி மீனுக்கு உரிய தீனியைச் சட்டப்படி தர வழியே இல்லை. அதை விற்பவர், பட்டினியையும் சேர்த்தே விற்கிறார். வாங்குபவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். விற்பவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

"என் நண்பர் வீட்டில் பவளந்தின்னி மைசிஸ் இறால் சாப்பிட்டு ஒரு வருஷமாக இருக்கிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். விதிவிலக்காகச் சில மீன்கள் உறையவைத்த இறாலுக்கு மாறியிருக்கின்றன. செத்த பவளக் கூட்டின் மேல் சிப்பிச் சதையை அரைத்துப் பூசி, அதைக் கடிக்கவைத்துப் பழக்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை நான் மதிக்கிறேன். அவர்கள் யாரும் பட்டினி போட்டுச் சாதிக்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாளுக்குப் பலமுறை, விதவிதமாக, மீனுக்குத் தெரிந்த வடிவத்தில் தீனியைக் காட்டிக் காட்டிச் சாதித்தார்கள். பிழைத்த ஒன்றின் கதை ஊரெல்லாம் பரவுகிறது. செத்தவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கலந்து தின்னும் வகைகளின் கதை வேறு. அங்கே நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் அதற்கும் பட்டினி உதவாது. காப்பர்பேண்ட் எனப்படும் கெல்மான் ராஸ்ட்ரேட்டஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செம்பு நிறப் பட்டைகளும் இடுக்கி போல நீண்ட மூக்கும் கொண்ட அழகான மீன். தொட்டியில் களையாக மண்டும் ஐப்டேசியா என்ற சிறு கடல் அனிமோனைத் தின்னும் என்பதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். சில மீன்கள் தின்னும், சில திரும்பியும் பார்க்காது. தின்கிற மீனும் ஐப்டேசியா தீர்ந்த பிறகு எதைத் தின்னும் என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. பாறை இடுக்குகளில் மூக்கை நுழைத்துப் புழுவையும் சிறு உயிர்களையும் பிடுங்கித் தின்பது அதன் பிழைப்பு. மேலே மிதக்கும் உருண்டை அதற்கு உணவாகவே தோன்றாது.

அதைப் பழக்கும் வழி இருக்கிறது, நம் ஊரில் பொருளும் கிடைக்கிறது. உயிருள்ள மட்டியை மீன் சந்தையில் வாங்கி, நன்றாகக் கழுவி, ஓட்டைப் பாதி திறந்து பாறை நடுவே வைத்தால், புதிதாக வந்த காப்பர்பேண்ட் பல நேரம் முதலில் கொத்துவது அதைத்தான். ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் சதையைப் பிய்த்துத் தின்பது அதற்குத் தெரிந்த வேலை. அடுத்தது ஆர்ட்டீமியா என்ற உயிருள்ள சிறு உப்புநீர் இறால். தூத்துக்குடி உப்பளங்களில் தானாகவே வாழும் உயிர் அது. முட்டையை உப்புநீரில் இட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். அது மட்டும் போதாது, மீனுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்கள் அதில் குறைவு, சத்துக் கரைசலில் ஊறவைத்துத்தான் தர வேண்டும். மட்டியும் ஆர்ட்டீமியாவும் தின்னத் தொடங்கிய பிறகு, அவற்றோடு உறைந்த மைசிஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். நாளுக்கு நான்கைந்து முறை, சிறிது சிறிதாக. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அலுவலகம் போய்விட்டு இரவு ஒரு பிடி தூவுகிறவர் இந்த மீனை வளர்க்க முடியாது. வருத்தமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

இடமும் தீனியோடு சேர்ந்த விஷயமே. காப்பர்பேண்ட் 20 சென்டிமீட்டர்வரை வளரும், 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டி அதற்குச் சிறை. தொட்டி பழுத்து, பாறைகளில் புழுவும் சிற்றுயிரும் பெருகிய பிறகே இது வர வேண்டும். தொட்டி வைத்த மாதத்திலேயே வந்தால் கொறிக்க ஒன்றுமிருக்காது. முரட்டுத் தோழர்கள் கூடவே கூடாது. இது தயங்கித் தயங்கி ஒரு துண்டை நெருங்குவதற்குள் டாங் மீன்கள் எல்லாவற்றையும் வாரிவிழுங்கிவிடும். முதல் நாட்களில் துளையிட்ட தனிப்பெட்டியில், அதே தொட்டிக்குள், வைத்துத் தீனி தருவது நல்லது. சென்னைக் கோடையில் குளிரூட்டி இல்லாத தொட்டியின் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் தீனி எடுக்கிற மீனே நிறுத்திவிடும்.

தட்டில் வைத்துத் தின்பதற்கே டன் கணக்கில் மீன் பிடிக்கிறோம், ஒரு அலங்கார மீனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உணவுக்குப் பிடித்த மீன் ஒரு பசியைத் தீர்க்கிறது. இந்த மீனை நாம் வாங்குவது உயிரோடு வைத்துப் பார்க்க. உயிரோடு வைக்கும் எண்ணமே இல்லாத முறையில் அதை வைத்தால், வாங்கியதற்கு ஒரு நியாயமும் மிஞ்சாது. பட்டாம்பூச்சி மீனின் குஞ்சு, தலையில் எலும்புத் தகடு போர்த்திய வினோத வடிவத்தில் வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து திரிந்த பிறகே பவளத்திட்டுக்கு வரும். அதனால்தான் பண்ணையில் இவற்றைப் பெருக்குவது இத்தனை கடினமாக இருக்கிறது. செத்த மீனுக்கு மாற்றாக அடுத்த மீனும் திட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கடல் மீன் தொட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரித்து வளர்க்கும் முறையைக் கண்டு செயல்படுத்தியிருக்கின்றன. பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் உங்கள் தொட்டிக்கு வந்த முதல் நாளிலிருந்தே உருண்டைத் தீனியைத் தேடி வரும். தொடங்குபவர் அதில் தொடங்கட்டும்.

பட்டாம்பூச்சி மீனில்தான் ஆசை என்றால், பெயரைக் கேட்டு, அது எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். பவளந்தின்னியாக இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். கொண்டுவர வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மற்ற வகையாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே அதற்குத் தீனி போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி போய் மறுபடி போடச் சொல்லுங்கள். இரண்டு முறையும் தின்றால் வாங்குங்கள்.