பாட்டரியைப் பழிக்குமுன் அளந்து பார்த்தல் நலம்

மழை பெய்து நிலம் பக்குவப்பட்ட தினத்தில் சிறு டிராக்டர் கிளம்பாமல் நின்றுவிடுமாயின், நஷ்டம் பாட்டரியின் விலையோடு நிற்பதன்று. மானாவாரி நிலத்தின் ஈரம் நமக்காகக் காத்திராது. அந்த அவசரத்தில் பலர் பாட்டரி கெட்டதென்று தாமே தீர்மானித்துப் புதியதொன்றை வாங்கிவிடுகின்றனர். இவ்வழக்கம் சரியன்று என்பதே எனது அபிப்பிராயம். சார்ஜ் ஏறாத காரணம் வேறிடத்திலிருந்தால், புதிய பாட்டரியும் விரைவில் பழையதன் கதியையே அடையும்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. இங்கே அளப்பதற்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டர் மாத்திரமே. அதற்கு முன்பு, பாட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா, பிடிப்புகளும் எர்த் கம்பியும் தளர்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்கவேண்டும். செல்ப் ஸ்டார்ட்டர் ஒரு சப்தத்தோடு நின்றுவிடுவதற்கு அநேக சமயங்களில் இவையே காரணம். மைனஸ் முனையை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டவேண்டும். உப்பை ஆப்பச் சோடா கரைத்த நீரால், அந்நீர் பாட்டரிக்குள் புகாதபடி கழுவி, உலர்ந்தபின் இறுக்கி, வாஸலின் தடவுதல் போதும்.

சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி, பூரண சார்ஜிலிருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் சார்ஜின் பெரும்பகுதி தீர்ந்ததென்று கொள்ளலாம். பின்னர் என்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அளக்கவேண்டும். 13.8 முதல் 14.5 வரை காட்டுவது க்ஷேமம். 13-க்கு மேல் ஏறாவிடில் பெல்ட், கம்பி, ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் பழுதிருக்கலாம். பாட்டரி நீரும் விரைவில் வற்றிவிடும். பூரண சார்ஜிலிருந்தும், ஸ்டார்ட் செய்கையில் 9.6-க்குக் கீழே விழுந்தால், அப்பொழுது பாட்டரியைச் சந்தேகிக்க நியாயமுண்டு. என்ஜின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிடும். அதனை அறவே விடவேண்டும்.

இவை மெக்கானிக்கின் வேலையன்றோ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பழுது நீக்குவது அவர் வேலைதான். ஆனால் பழுது எங்கேயென்று அறிந்து அவரை அழைப்பவருக்குப் பணமும் பொழுதும் மிச்சமாகும். மேலும், பாட்டரியின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் நமது அசிரத்தையே. பருவம் முடிந்து வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைக்கையில் சார்ஜ் தானே குறையும்; அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் ஸல்பேட் இறுகிப் படிந்துவிடும். ஆகையால் ஓய்வுக் காலத்திலும் மாதந்தோறும் அளந்து சார்ஜ் ஏற்றுதல் அவசியம். நீர் ஊற்றும் வகைப் பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரையன்றிக் கிணற்று நீரோ ஆஸிட்டோ ஊற்றலாகாது. சார்ஜ் ஏறும்போது எரியும் வாயு வெளிப்படுவதால் பீடி, சுருட்டு நெருப்பு அருகே வரலாகாது.

ஒரு மல்டிமீட்டரின் விலை பாட்டரி விலையில் சிறு பங்கே. ஒவ்வொரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு சார்ஜரும் பொதுவில் இருக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் முயற்சி எடுத்தல் வேண்டும். டிராக்டர் வைத்திருப்போரும் தத்தம் வண்டியின் அளவுகளை மாதந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வருவார்களாயின், உழவு நாளில் திகைத்து நிற்க நேரிடுவது பெரிதும் குறையும். அடுத்த பருவ மழைக்கு முன்னரே இதனைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.