தொடக்கம் துல்லியமாகட்டும்

வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்தால் மேத்தன் மணியைக் காணலாம். மணிதோறும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரரின் கன்னத்தில் முட்டுமாறு அமைந்த பழங்கடிகாரம் அது. முள்ளைத் தவறாக வைத்து ஓட விட்டால் கடாக்கள் முட்டாமலா போகும்? முட்டும், ஆனால் தவறான நேரத்தில்! கணினியின் கர்னல் நம்பியிருக்கும் டைமரும் அத்தகையதே.

2019 டிசம்பர் 20-இல் போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் ஆளின்றிப் பறந்தது. ராக்கெட்டிடமிருந்து உரிய கட்டத்துக்கு முன்பே நேரத்தைப் பெற்றதால் அதன் கடிகாரம் 11 மணி நேரம் பிசகியது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடையாமலே இரண்டு நாள் கழித்துத் தரையிறங்கியது. கெட்டது கடிகாரமன்று, தொடக்கமே!

டிரைவர் எழுதுவோர் பலர், டைமர் பூஜ்யத்தில் காத்திருக்கும் என்று நம்பிவிடுகின்றனர். பூட்லோடர் அதை முன்பே ஓட விட்டிருக்கலாம். பழைய இன்டரப்ட் ஒன்று கவனிப்பாரின்றி நிற்கலாம். ஆகவே முதலில் டைமரை நிறுத்த வேண்டும். நிலுவை இன்டரப்டைத் துடைக்க வேண்டும். எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். இன்டரப்டைக் கவனிக்கும் செயற்கூறைப் பதிய வேண்டும். அதன் பின்னரே இன்டரப்டைத் திறந்து ஓட விடலாம். வரிசை பிறழ்ந்தால் ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டிய கதைதான், கர்னலே நிலைகுலையலாம்.

லினக்ஸைப் பாருங்கள். நொடிக்கு 1000 துடிப்பு எண்ணும் 32 பிட் எண்ணி நிறைந்து மீண்டும் பூஜ்யமாக ஏறத்தாழ 50 நாள் ஆகும். அத்தனை நாள் கழித்துப் பிழை தலைகாட்டினால் யார் கண்டுபிடிப்பது? எனவே அதன் 'ஜிஃபிஸ்' எண்ணி, கணினி தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே பூஜ்யத்தைக் கடக்குமாறு தொடக்க எண்ணை வைத்தனர். பிழை மேசையிலேயே பிடிபடட்டும் என்ற நல்லெண்ணம்!

நமக்கென்ன என்கிறீர்களா? இந்நகரின் சி-டாக் 'வேகா' செயலிகளையும், சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி'யையும் படைத்துள்ளன. அவற்றுக்கு டிரைவர் எழுத வேண்டியவர் நாமன்றோ? வேறொரு சிப்பின் நிரலைப் படியெடுத்து ஒட்டினால் போதாது. ஒன்றில் 1 எழுதினால் இன்டரப்ட் துடைபடும். மற்றொன்றில் படித்தாலே துடைபடும். கையேட்டைக் கற்காதவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவனே.

ஆய்வுக்கூடத்தில் விளக்கு மினுங்கினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. "ஏன் இந்த வரிசை?" என்று கேட்பார் அரியர். இனியேனும் அக்கேள்வி ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் இடம்பெறட்டும். மின்சாரத்தை நிறுத்தாமல் பத்து முறை மறுதொடக்கம் செய்து காட்டிய பிறகே மதிப்பெண் வழங்கட்டும். பிழைப்புத் தேடிப் பிற மண்ணுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். "எப்படியோ ஓடுகிறது" என்பதோடு நிறைவடையலாமா, நண்பர்களே?