பீப்பாய்க் கணக்கு

அமெரிக்காவில் நடக்கும் டிராக் ரேஸ் என்ற மோட்டார் பந்தயத்தைப் பற்றி நம்முடைய படித்த பெரியவர்கள் பேச நேர்ந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுகிறார்கள். "நாலு விநாடி ஓட ஐம்பது லிட்டர் எண்ணெயா! உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?" பிறகு ஒரு பெருமூச்சு. உலகத்தைத் தாங்கள்தாம் தோளில் சுமந்து நிற்பதுபோன்ற பெருமூச்சு. அந்தப் பெருமூச்சின் மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். பந்தயக்காரர்களுக்காக வக்காலத்துப் போட எனக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. கணக்குத் தப்பு என்பதுதான் என் வழக்கு. தப்புக் கணக்கை வீட்டில் வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதைத் தர்மத்தின் பெயரால் மேடையேற்றும்போது கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் பாயும். முந்தி வந்தது ஜெயித்தது. தோற்றது மூட்டை கட்ட வேண்டியதுதான். பழைய தூரம் கால் மைல், 1,320 அடி. 2008 ஜூன் மாதம் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்த பிறகு, மேல்தர வண்டிகளுக்கு அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். அந்த மேல்தரத்துக்கு டாப் ஃப்யூயல் என்று பெயர். ஆயிரம் அடியை நான்கு விநாடிக்குள் முடித்துவிடும். முடிக்கிற இடத்தில் வேகம் மணிக்கு 330 மைலுக்கும் மேலே போகிறது.

அது குடிப்பது பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் பெருமூச்சு விடுகிறார்கள். பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நைட்ரோமீத்தேன், பாக்கி மெத்தனால். நான் பட்டம் வாங்காதவன். ஆனாலும் இந்த ரசாயனம் எனக்கே புரிகிறது. ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். பிராணவாயுவில் பெரும்பகுதியை அது தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலின் உஷ்ணத்தில் கால் பங்குதான் அதற்கு உண்டு. ஆனால் அதே காற்றில் எட்டு மடங்குக்கும் மேல் ஊற்றி எரிக்கலாம். எனவே அதே எஞ்சினில் இரண்டு மடங்குக்கு மேல் பலம். ஊற்றுகிற அளவு மலைப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஐம்பது லிட்டர் என்றதும் ஐம்பது லிட்டர் பெட்ரோலை மனசில் எரித்துப் பார்ப்பது, மோரைப் பாலென்று விலை பேசுவதுபோல.

சரி, அளவைத்தான் பார்த்துவிடுவோமே. டயரைச் சூடாக்கப் புகை கிளப்பி ஓடுவது, பின்னுக்கு வருவது, கோட்டில் நிற்பது, பாய்வது எல்லாம் சேர்த்து ஓர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 15 காலன். அமெரிக்கக் காலன், சுமார் 57 லிட்டர். வழக்கமாக வெள்ளி, சனியில் தகுதிக்கு நான்கு ஓட்டம். ஞாயிறன்று 16 வண்டிகள் மோதி ஒன்று மிஞ்ச நான்கு சுற்று. கடைசிவரை ஜெயிக்கிறவனுக்கு ஆக மொத்தம் எட்டு ஓட்டம். ஓட்டத்துக்கு முன்னால் கூடாரத்தில் எஞ்சினைச் சூடேற்றிப் பார்க்க ஒவ்வொரு தடவையும் இரண்டு காலன் சேர்த்துக்கொள்ளுங்கள். 136 காலன். 500 லிட்டருக்குச் சற்று மேலே. மூன்று நாளைக்கு, ஜெயித்தவனுக்கு, அவ்வளவுதான்.

இதே சரக்கைக் குடிக்கும் ஃபன்னி கார் என்ற இன்னொரு ஜாதி உண்டு. அதிலும் 16 என்று வையுங்கள். தோற்றவர்கள் கழியக் கழிய, வாரக்கடைசி முழுவதும் 188 ஓட்டம் வரும். எல்லாம் சேர்த்து 3,200 காலன். பந்தயம் பார்க்க வருகிற ஜனங்கள் பத்தாயிரம் காரில் வந்தார்கள், ஒரு காருக்குப் போக வர இரண்டே காலன் என்று வைத்துக்கொண்டாலும் இருபதாயிரம் ஆகிறது. மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒருவரை எனக்குக் காட்டுங்கள்!

போகட்டும். அன்றைக்கு ஒரு கூட்டத்தில் இதைப் பாபம் என்றே சொன்ன நண்பர், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பேரனைப் பார்க்க சென்னையிலிருந்து கலிபோர்னியா போய் வந்திருந்தார். போக வர 28,000 கிலோமீட்டர். விமானத்தில் தலைக்கு, நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் என்று தாராளமாகக் குறைத்தே போடுகிறேன். 840 லிட்டர். பந்தயத்தில் பட்டம் வென்றவனைவிட என் நண்பர் முந்நூறு லிட்டர் அதிகம் எரித்திருக்கிறார். அவர் மனைவியும் கூடப் போயிருந்தார்.

"அது அவசியம், இது கேளிக்கை" என்றார். அவசியம்! கல்யாண மண்டபத்து வாசலில் இரவு முழுக்க எரிகிற ஆயிரம் விளக்கு எதற்கு அவசியம்? தீபாவளிக்குக் கொளுத்துகிற வெடி? வம்புக்கு என்னையே இழுத்துக்கொள்கிறேன்: என் நாவல்கள் அச்சான காகிதத்துக்காக எத்தனை மூங்கில் விழுந்ததோ, அதில் எந்த நாவல் யாருக்கு அவசியம்? அடுத்தவன் சந்தோஷத்துக்குக் கேளிக்கை என்றும் தன் சந்தோஷத்துக்கு அவசியம் என்றும் பெயர் வைப்பதற்குப் படிப்புத் தேவையில்லை. நம் ஊரில் படித்தவர்கள்தாம் அதைத் திறமையாகச் செய்கிறார்கள்.

இந்தப் பீப்பாயின்மேல் சுமத்தக் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. 1991 மே 1ஆம் தேதி, லூசியானாவில் ஸ்டெர்லிங்டன் என்ற சிற்றூரில் நைட்ரோமீத்தேன் செய்யும் ஆலை வெடித்தது. எட்டுத் தொழிலாளிகள் செத்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். ஊரே குலுங்கியது. இந்த எட்டுப் பேரைக் கணக்கில் சேர்த்து ஒருவர் பேசியிருந்தால், அவர் எதிரே நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. 1994 அக்டோபரில், டெக்ஸஸில் என்னிஸ் என்ற ஊரின் பந்தயத் திடலில் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். ரொக்கத்தை எண்ணிவைத்து மூன்று பீப்பாய் நைட்ரோமீத்தேன் வாங்கிப் போனான். அவன் பெயர் டிமோத்தி மக்வே. 1995 ஏப்ரல் 19ஆம் தேதி ஓக்லஹோமா நகரில் சர்க்கார் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது 168 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் 19. இந்தச் சரக்கைக் கண்காணிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் அமெரிக்க சர்க்கார் சேர்த்தது 2007இல். பன்னிரண்டு வருஷம்! அந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமான சட்டமும் 2023 ஜூலையில் காலாவதியாக விடப்பட்டது. பந்தயத்துக்கு எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று கேட்கிறவர், அதை யார் வாங்குகிறார், யார் விற்கிறார், மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கட்டுமே. அப்படிக் கேட்க நாலு புஸ்தகம் புரட்ட வேண்டும். பெருமூச்சுக்கு மூக்கு ஒன்று போதும்.

பெருமூச்சுக்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் அங்கே உண்டு. அந்தப் பந்தயத் திடல்களில் தொலைக்காட்சி காட்டுகிற வண்டிகள் கொஞ்சம். வாரக்கடைசிக்குச் சொந்த டிரெய்லரில் சொந்த வண்டியை இழுத்து வருகிற மெக்கானிக்கும் தச்சனும் கடைக்காரனும்தான் ஏராளம். பலர் மெத்தனால் ஊற்றுகிறவர்கள். அவர்களுடைய வண்டி ஓர் ஓட்டத்துக்கு ஒன்று, இரண்டு காலனுக்கு மேல் கேட்காது. 128 பேர் பெயர் கொடுத்தால் ஏழு சுற்று ஓட வேண்டும். எனவே ஏழு சுற்றுக்கு எண்ணெய் கட்டிக்கொண்டு வருகிறான். அவன் மட்டுமா? 128 பேரும் ஏழு சுற்றுக்கே கொண்டுவருகிறார்கள். முதல் சுற்றுக்குத்தான் எண்ணெய் எடுத்துவந்தேன் என்று சொல்கிற மனுஷன் அங்கே ஒருவனும் கிடையாது.

முதல் சுற்று முடிந்ததும் அவர்களில் 64 பேர் தோற்றுப்போயிருப்பார்கள். அவர்கள் வண்டியை மறுபடி டிரெய்லரில் ஏற்றுவார்கள். நிரம்பிய டப்பாக்களைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்த வாரத்துக்குக் கெட்டுப்போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு மூடியையும் இன்னொரு திருகு திருகி, கையைத் துடைத்துக்கொண்டு புறப்படுவார்கள்.